மீதிப் பாதி: கஞ்சிலுக்கு டர்போ எஞ்சின் மாற்றிய கதை

ஹாஃப்கட் கடை என்பது மலேசியாவில் கிள்ளான் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஜப்பானில் பழைய காரை வைத்துக்கொள்வது செலவு பிடித்த வேலை. புதுக் காருக்கு 3 ஆண்டு கழித்து ஒரு கட்டாயச் சோதனை, அதற்குப் பிறகு 2 ஆண்டுக்கு ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் கையைக் கடிக்கும். அதனால் நன்றாக ஓடுகிற காரையே கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழித்த காரைக் குறுக்கே அறுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், முன் சக்கரம், டாஷ்போர்டு எல்லாம் ஒட்டியபடியே கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். அந்த முன்பாதிதான் ஹாஃப்கட். சந்தையில் மீன் தலையை மட்டும் வாங்குவது மாதிரி.

மீன் தலை வாங்குகிறவனுக்கு வால் எங்கே என்ற கேள்வி வராது. எனக்கும் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காததற்கு நான் கொடுத்த விலை ஆயிரம் வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல்.

வண்டி அப்பாவுடையது. 1997-இல் வாங்கிய பெரோடுவா கஞ்சில் 850. கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். 1994 ஆகஸ்டில் அறிமுகமாகி 2009 வரை வந்த வண்டி. மலேசியாவில் எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் கார் ஓட்டப் பழகியதே இதில்தான் இருக்கும். அப்பா தோட்டத்து வேலையை விட்டு லோரி ஓட்டத் தொடங்கிய பிறகு வாங்கிய முதல் கார். நான் ஆறாம் வகுப்புச் சோதனைக்குப் போனது, அக்கா கல்யாணத்துக்கு வாழை மரம் ஏற்றி வந்தது எல்லாம் அதில்தான். 2014-இல் அது எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. பட்டறையில் எஞ்சினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்ற 1,800 வெள்ளி கேட்டார்கள். அதே வாரம் ஒரு நண்பன், 2,800 வெள்ளிக்கு எல்டூஎஸ் ஹாஃப்கட் ஒன்று இருப்பதாகச் சொன்னான்.

வித்தியாசம் ஆயிரம் வெள்ளிதானே என்று மனசு கணக்குப் போட்டது. எல்லா எஞ்சின் மாற்றமும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

எல்டூஎஸ் என்பது இங்கே பட்டறைப் பேச்சு. கஞ்சிலின் மூலம் டைஹட்சு மிரா, எல்200 என்ற உடம்பு. அதே உடம்பில் ஜப்பானில் டிஆர்-எக்ஸ்எக்ஸ் என்று ஒரு டர்போ மிரா ஓடியது. எல்டூஎஸ் என்றால் அதுதான். அதில் இருந்தது இஎஃப்-ஜேஎல் எஞ்சின். 3 சிலிண்டர், 659 சிசி, வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர், பெட்ரோலைப் பீய்ச்சும் இஎஃப்ஐ. 64 குதிரைத்திறன். ஜப்பானில் சின்னக் கார்களுக்கு 660 சிசி என்பது சட்டம். 64 குதிரைத்திறன் என்பது கார் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட எல்லை. என் பழைய எஞ்சின் 847 சிசி, கார்புரேட்டர் வைத்தது. ஆக, அதைவிடச் சின்ன எஞ்சினைப் போட்டு வண்டியை வேகமாக்கப் போகிறேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே உடம்பு என்பதால் எஞ்சின் உட்காரும் இடத்தில் வெல்டிங் வேலையே இல்லை. கழற்றி மாட்டலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே சொல்கிறேன், முதன்முதலாக எஞ்சின் மாற்றுகிறவர்கள் அதே குடும்பத்து எஞ்சினைத் தேடுங்கள். வேறு கம்பெனி எஞ்சினுக்காக வண்டியின் சட்டகத்தை அறுத்து, மவுண்ட் செய்து, அச்சுத்தண்டை வெட்டி ஒட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வண்டி வருடக்கணக்கில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது.

கடையில் தவுக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர். பேட்டரியும் தன்னிடம் இருந்த பம்பு ஒன்றும் இணைத்து, ஒரு பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு, தரையில் கிடந்த அந்த அரைக் காரை அங்கேயே ஓட்டிக் காட்டினார். அரைக் கார் சிமெண்டுத் தரையில் நடுங்கிக்கொண்டே ஓடுவதைப் பார்க்கையில் எனக்கும் கொஞ்சம் நடுக்கம்தான், ஆசையில். ஆனால் அன்றைக்குச் சில காரியங்களைச் சரியாகச் செய்தேன், அதற்கு என்னுடன் வந்த நண்பன்தான் காரணம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புப் பசை படிந்திருக்கிறதா என்று பார்த்தான். பசை இருந்தால் எண்ணெயை நேரத்துக்கு மாற்றாத எஞ்சின், டர்போவுக்கு அதைவிட எமன் இல்லை. மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை, அளந்தான். மூன்று எண்ணும் உயரமாக இருக்கிறதா என்பதைவிட மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பிறகு டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னச் சக்கரத்தை விரலால் ஆட்டினான். பக்கவாட்டில் இம்மியளவு ஆடலாம். உள்ளே வெளியே என்று நகரவே கூடாது. இறக்கை சுற்றுச் சுவரில் உரசிய தடம் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

எஞ்சினை நடத்தும் கணினியான இசியு பெட்டி இருக்கிறதா, வயரை நடுவில் அறுத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்தோம். என்னுடையதில் வயர் முழுசாக இருந்தது. பக்கத்தில் கிடந்த இன்னொன்று 300 வெள்ளி மலிவு. ஆனால் அதில் வயர்க்கட்டை வாழைத்தண்டு வெட்டுவதுபோல் ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்கள். அந்த 300 வெள்ளி லாபத்துக்கு வயர்மேன் 800 வெள்ளி வாங்கியிருப்பார்.

நாங்கள் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. பெட்ரோல் வந்த அந்தத் தொங்கும் பாட்டில். அது ஏன் தொங்குகிறது என்று யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம்.

பெட்ரோல் டாங்கி காரின் பின்பாதியில் இருக்கிறது. பின்பாதி ஜப்பானில் பழைய இரும்பாகிவிட்டது. டாங்கியோடு சேர்த்து, இஎஃப்ஐ எஞ்சினுக்குத் தேவையான பம்பு, டாங்கிக்குள் பெட்ரோல் அலம்பாமல் தடுக்கும் தடுப்பு, எஞ்சினில் இருந்து மிச்சப் பெட்ரோல் திரும்பி வரும் குழாய், அத்தனையும் போய்விட்டது. என் கஞ்சிலில் இருந்தது கார்புரேட்டருக்கான டாங்கி. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சொட்டு சொட்டாக வந்தால் போதும், அழுத்தம் 0.3 பார் இருந்தாலே தாராளம். இஎஃப்ஐக்கு அதைப்போலப் பத்து மடங்கு வேண்டும்.

பட்டறையில் வேலை செய்த போமென், அதாவது மெக்கானிக், இளைஞர், கைத்திறமைக்காரர். டாங்கிக்கு வெளியே ஒரு பம்பைக் கட்டி, பழைய குழாயையே திரும்பு குழாயாக்கி, எஞ்சினைக் கிளப்பிக் காட்டிவிட்டார். மூன்றே நாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூன்று சிலிண்டரின் படபடப்புக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில். வாடகை கட்டாத குடிபோல எங்கிருந்தோ வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. கெசாஸ் நெடுஞ்சாலையில் ஏறி மூன்றாம் கியரில் மிதித்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொடும்வரை ஒன்றுமில்லை, பழைய கஞ்சிலைவிட மந்தம். அதற்கு மேல் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி. எழுநூறு கிலோகூட இல்லாத வண்டி அது. 64 குதிரை அதற்கு நிறைய.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கீழே இருந்தபோது, நெடுஞ்சாலை இறக்கத்தில் வளைந்து வெளியே வந்து மிதித்தேன். எஞ்சினுக்குள் டின் டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டிய சத்தம். காலை எடுத்தேன். சத்தம் நின்றது. நேரான சாலையில் மிதித்தால் ஒன்றுமில்லை. வளைவில் மட்டும்.

காரணம் இதுதான். வளைவில் டாங்கிக்குள் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. தடுப்பு இல்லாததால் பம்பு ஒரு நொடி காற்றை உறிஞ்சுகிறது. கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால் அதன் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும், சமாளித்துவிடும். மிஞ்சிப்போனால் ஒரு இருமல். டர்போ எஞ்சினில் அப்படியல்ல. டர்போ உள்ளே காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கிறது. காற்று கூடி, பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு எகிறும். தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும்வரை காத்திராமல் பெட்ரோல் தானே கண்ட இடத்தில் வெடிக்கும். அந்தக் கோலிக்குண்டுச் சத்தம் அதுதான். இன்னும் சில முறை கேட்டிருந்தால் பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் மன்னிக்கப்படுகிற தப்பை டர்போ எஞ்சின் மன்னிக்காது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். காதால் கேட்டதால் மறக்கவில்லை.

தீர்வு, எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்ன அலுமினிய டப்பா. ஒரு லிட்டர் பிடிக்கும். டாங்கியில் இருந்து சாதாரணப் பம்பு ஒன்று அந்த டப்பாவை எப்போதும் நிரப்பி வைக்கும். டப்பாவின் அடியிலிருந்து அழுத்தப் பம்பு எஞ்சினுக்கு அனுப்பும். மிச்சம் டப்பாவுக்கே திரும்பும், அது நிரம்பி வழிந்தால் டாங்கிக்குப் போகும். வளைவில் டாங்கி அலம்பினாலும் டப்பாவில் இருப்பு உண்டு. அதோடு காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் மாட்டிக்கொண்டேன். முழுசாக மிதிக்கும்போது எண் 12-ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்தால் நிம்மதி. 13-ஐத் தாண்டினால் காலை எடுத்துவிட வேண்டும். பம்பு, டப்பா, குழாய், மீட்டர் எல்லாம் சேர்த்து 1,150 வெள்ளி. டர்போ எஞ்சின் போடுகிறவர்கள் சத்தமாக ஊதும் வால்வை முதலில் வாங்குகிறார்கள். அதற்கு முன்னால் இந்த மீட்டரை வாங்குங்கள்.

இனி புகைக் கதை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் ஓடியிருக்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. நீலப் புகை. கொசு மருந்து அடிக்கும் வண்டி மாதிரி. பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் கையால் விசிறிக்கொண்டே முந்திப் போனார், போகும்போது பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. பட்டறைக்குப் போனேன். போமென் எட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ போச்சு அண்ணே. வேற போடணும், 900 வெள்ளி" என்றார். அவர் ஏமாற்றவில்லை. புகை என்றால் டர்போ என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பணம் இல்லாததால் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வாரத்தில்தான் அப்பா வாயைத் திறந்தார். லோரிக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம், பந்திங்கில் இருந்தார். "லோரி பூரா டர்போதானே, அவன்கிட்ட காட்டு" என்றார் அப்பா. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. நான் ஏதோ புதிய கண்டுபிடிப்புபோல நினைத்துக்கொண்டிருந்த பொருளின் மேலேயே அப்பா இருபது வருடம் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்.

மாமா காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அப்புறம் தரையில் அட்டை விரித்துக் கீழே படுத்தார். ஐந்து நிமிடம் சத்தமில்லை. வெளியே வந்து கையைத் துடைத்தபடி கேட்டார்: "தம்பி, டர்போவுக்கு எண்ணெய் ஏற பம்பு இருக்கு. இறங்க என்ன இருக்கு?"

நான் விழித்தேன்.

"ஒண்ணும் இல்ல. சரிவு மட்டுந்தான் இருக்கு. அந்தச் சரிவையும் உங்க ஆளு அடைச்சிட்டான்."

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம். எஞ்சின் பம்பு மெல்லிய குழாய் வழியாக எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. சக்கரத்தின் தாங்கியை (பேரிங்) தாண்டி வெளியே வரும் எண்ணெய்க்கு அழுத்தம் போய்விடும், நுரைத்த மோர் மாதிரி ஆகிவிடும். அது தன் எடையால் மட்டும்தான் கீழே எண்ணெய்த் தொட்டிக்கு வழிந்து இறங்க வேண்டும். அதனால்தான் ஏறும் குழாய் மெல்லிசு, இறங்கும் குழாய் தடிமன். இறங்கும் வழியில் ஒரு மடிப்பு விழுந்தால் போதும். எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கி, அங்கிருக்கும் வளையங்களைத் தாண்டிப் புகைபோக்கிக்குள் கசிந்து எரியும். டர்போ நன்றாக இருக்கும், புகை மட்டும் வரும்.

ஹாஃப்கட்டில் வந்த இறங்கு குழாய் பழசாகி வெடித்திருந்ததால் போமென் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டியிருக்கிறார். அந்த ரப்பர் சுடுதண்ணீரைத் தாங்கும், சூடான எண்ணெயைத் தாங்காது. உள்பக்கம் ஊறி, உப்பி, தொண்டையில் வீக்கம் வந்த மாதிரி வழி சுருங்கியிருந்தது. போதாக்குறைக்கு நீளம் அதிகமாகி நடுவில் தொங்கிப்போய் ஒரு வளைவு. மாமா எண்ணெய்க்கென்றே உள்ள குழாய் வாங்கிவரச் சொன்னார். 35 வெள்ளி. மடிப்பில்லாமல் நேரே கீழிறங்கும்படி வெட்டி மாட்டினார். எஞ்சினின் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார், ஏனென்றால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் சேர்ந்தாலும் இதே எண்ணெய் இறங்காது. அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தால் இறங்கும் வாயே முழுகிவிடும் என்று அதையும் குச்சியில் பார்த்துக்கொண்டார். உள்ளே தேங்கிய பழைய எண்ணெய் எரிந்து தீர இரண்டு நாள் ஆனது. அப்புறம் இன்றுவரை புகை இல்லை.

900 வெள்ளிக்கு வேறு டர்போ வாங்கி மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே குழாய், அதே புகை. அதற்கும் அதுவே நடந்திருக்கும். டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால், கழற்றுவதற்கு முன் இறங்கு குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமா போகிற போக்கில் இன்னொன்றையும் கேட்டார். டர்போவின் மேல் ஒரு தகர மூடி இருக்குமே, எங்கே? பட்டறையில் அதை யாரோ குப்பையில் போட்டுவிட்டிருந்தார்கள், வேலை செய்ய இடைஞ்சலாக இருந்ததாம். அந்தத் தகரம் அலங்காரத்துக்கு அல்ல. அது இல்லாததால் பக்கத்து வயரின் உறை ஏற்கெனவே உருகத் தொடங்கியிருந்தது. பழைய தகரத்தை வெட்டி மாமா ஒன்று செய்து கொடுத்தார். ஹாஃப்கட்டில் வந்த எந்தத் தகரத்தையும், கிளிப்பையும், பெயர் தெரியாத சின்னக் குழாயையும் வண்டி ஓடி ஆறு மாதம் ஆகும்வரை தூக்கி எறிய விடாதீர்கள். ஜப்பான்காரன் சும்மா ஒரு தகரம் வைக்க மாட்டான்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் தப்புச் செய்யவில்லை. பலம் கூடினால் நிறுத்தவும் பலம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹாஃப்கட்டோடு பெரிய முன் டிஸ்க் வந்திருந்தது. அது என் பழைய 12 அங்குல ரிம்முக்குள் அடங்கவில்லை. 13 அங்குல ரிம், நல்ல டயர், புது பிரேக் எண்ணெய், எல்லாம் எஞ்சின் இறங்கிய அன்றைக்கே செய்துவிட்டேன். காசு பற்றவில்லை என்றால் எஞ்சினைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்பு, பின் சீல், கிளட்ச் தட்டு ஆகியவையும் அப்படித்தான். எஞ்சின் தரையில் கிடக்கும்போது மாற்றினால் பொருள் காசு மட்டும். உள்ளே ஏற்றிய பிறகு என்றால் கூலி இரண்டு மடங்கு.

காகித வேலை. இங்கே எஞ்சின் எண் காரின் கிரானில், அதாவது பதிவுப் பத்திரத்தில், பதிவாகியிருக்கும். வேறு எஞ்சினைப் போட்டுவிட்டுப் பதியாமல் ஓட்டுவது சட்டப்படி தவறு. அதைவிட முக்கியம், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர்கள் கை விரிப்பதற்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. கடையில் எஞ்சின் எண் போட்ட ரசீதும், இறக்குமதிக்குச் சுங்கத்தில் கட்டிய பத்திரமும் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் பணம் கைமாறுவதற்கு முன்னால். பணம் கொடுத்த பிறகு தவுக்கே நல்லவராகவே இருந்தாலும் அவருடைய அலமாரி நல்லதாக இருக்காது. வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் காட்டி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் எண்ணை மாற்றி, காப்புறுதிக்குத் தெரிவித்தேன். முதல் சோதனையில் எண்ணெய்க் கசிவு இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். தப்பு என்னுடையதுதான். சரிசெய்துகொண்டு போனேன், முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1,000 சிசிக்குக் கீழே சாலை வரி வருடத்துக்கு 20 வெள்ளிதான். 847-க்கும் 20, டர்போ வைத்த 659-க்கும் அதே 20. டர்போவுக்கு வரி போட யாருக்கும் தோன்றவில்லை.

வரியில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் நிலையத்தில் திருப்பிக் கொடுக்கிறேன். அழுத்தம் கூடிய எஞ்சினுக்கு ஆக்டேன் எண் கூடிய ரோன் 97 பெட்ரோல்தான் ஊற்றுகிறேன், அதற்கு மானியம் கிடையாது. ஒரு முறை கைச் செலவுக்கு இல்லாமல் ரோன் 95 ஊற்றினேன். வெயிலில் நெரிசலில் நின்று கிளம்பியபோது லேசாக அந்தக் கோலிக்குண்டு கேட்டது. டாங்கி தீரும்வரை மெதுவாகவே ஓட்டினேன். இந்த மிராவின் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது, பானெட்டில் உள்ள மூக்கு வழியாகக் காற்று இறங்கி அதைக் குளிர வைக்க வேண்டும். வண்டி ஓடினால்தானே காற்று? நம் ஊர் மதிய வெயிலில் அரை மணி நேரம் நின்றால் இன்டர்கூலர் தொட முடியாத சூடு. பேர்தான் கூலர். நெரிசலை விட்டு வெளியே வந்ததும் உடனே மிதிக்காமல் ஒரு கிலோமீட்டர் காற்று வாங்க விட்டால் சரியாகிவிடும்.

கியர்பாக்ஸும் ஹாஃப்கட்டில் வந்ததுதான். சின்ன எஞ்சினுக்கு ஏற்ற குட்டைக் கியர். நகரத்தில் துள்ளும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் போனால் முள் 5,000-ஐ ஒட்டி நிற்கும், பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். ஈப்போவுக்கு ஒரு முறை அம்மாவைக் கூட்டிப் போனேன். திரும்பும்போது அம்மா பேருந்தில் வந்தார்.

அழுத்தத்தைக் கூட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு சின்னத் திருகு வால்வு 60 வெள்ளிக்குக் கிடைக்கிறது, அதைத் திருப்பினால் டர்போ இன்னும் ஊதும். என் நண்பன், ஹாஃப்கட் கடையில் எனக்கு விரலால் ஆட்டிக் காட்டிய அதே நண்பன், தன் வண்டியில் திருப்பினான். அவ்வளவு தெரிந்தவன். ஆனால் பம்பும் இன்ஜெக்டரும் பழசாகவே இருந்தன. காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. நாலு மாதத்தில் நடு சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்தது. இப்போது அவன் இன்னொரு ஹாஃப்கட் தேடிக்கொண்டிருக்கிறான். நான் 0.8 பாருக்கு மேல் போகவிடவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹாஃப்கட் 2,800. மற்றதெல்லாம் சேர்ந்து 4,350. மொத்தம் 7,150 வெள்ளி. ரிங் மாற்றியிருந்தால் 1,800-இல் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் கூடக் கொஞ்சம் போட்டால் நல்ல நிலையில் உள்ள வேறு கார் ஒன்றே வாங்கியிருக்கலாம் என்று மைத்துனர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வது சரி. வாங்கியிருந்தால் அது அப்பாவின் கஞ்சிலாக இருந்திருக்காது, அதையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை.

எண்ணெய் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். நன்றாக மிதித்து ஓட்டி வந்த பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறேன். சூடான டர்போவில் எண்ணெய் சட்டென்று நின்றால் அங்கேயே கருகிப் படிந்துவிடும், அதற்காக. வண்டி இப்போது பெரும்பாலும் அப்பாவிடம்தான். காலையில் சந்தைக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு. 60-ஐத் தாண்ட மாட்டார். டர்போவுக்கு விழிப்பே வராத வேகம். அந்த வேகத்துக்கு ஒரு நிமிடம் காத்திருக்கத் தேவையே இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். வீட்டு வாசலில் நிறுத்தி, மின்னல் பண்பலையில் ஓடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டு முடிந்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறார்.